ரவுட்டர் முதுகில் ஹார்ட் டிஸ்க்கைத் தொங்கவிடாதீர்கள்

கல்யாணம் முடிந்து ஓரிரு மாதத்தில் போட்டோகிராபர் ஆல்பத்தோடு ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் கையில் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. முகூர்த்தம், ரிசப்ஷன், டிரோன் ஷாட், எடிட் பண்ணாத வீடியோ என்று எல்லாம் சேர்ந்து 200 ஜிபி சர்வசாதாரணமாக வந்துவிடும். கூத்து அதற்கப்புறம்தான். மாப்பிள்ளை லேப்டாப்பில் கொஞ்ச நாள், மாமனார் வீட்டு டிவியில் கொஞ்ச நாள், "காப்பி பண்ணிட்டுத் தந்துடறேன்" என்று அத்தை பையன் எடுத்துக்கொண்டு போனால் அடுத்த விசேஷத்தில்தான் திரும்பி வரும். ஒவ்வொரு கை மாறும்போதும் கேபிளை வெடுக்கென்று பிடுங்குகிறோம். 'எஜெக்ட்' என்று ஒன்று இருப்பதையே யாரும் மதிப்பதில்லை.

ஒரே வீட்டுக்குள் இருப்பவர்களுக்காவது இந்த அல்லாட்டம் தேவையில்லை. டிஸ்க் ஓரிடத்தில் இருக்கட்டும். போன், டிவி, லேப்டாப் எல்லாம் வீட்டு வைஃபை வழியாகவே அதைத் திறந்துகொள்ளட்டும். இதற்குத் தனியாக நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் நேராக இணைகிற டிஸ்க் பெட்டி) வாங்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் யூஎஸ்பி டிஸ்க்கே போதும். பகிர்வது எப்படி என்பது சின்ன வேலைதான். அந்த டிஸ்க்கை எதில் மாட்டுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இந்தப் பதிவின் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

போன வாரம் சித்தப்பா போனில் கேட்டார். "ஏம்ப்பா, வைஃபை பொட்டிக்குப் பின்னாடி ஒரு யூஎஸ்பி ஓட்டை இருக்கே, அதுல சொருகிட்டா எல்லாரும் பாக்கலாமாமே?"

"பாக்கலாம் சித்தப்பா. ஆனா சொருகாதீங்க."

"அப்ப எதுக்குடா வச்சிருக்கான்?"

நியாயமான கேள்வி. பென்டிரைவுக்கு அது சரி. ஹார்ட் டிஸ்க்குக்கு மூன்று காரணங்களால் சரிப்படாது.

முதலாவது, கரண்ட். யூஎஸ்பி 2.0 போர்ட் அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர் கொடுக்க வேண்டும் என்பது விதி, 3.0 என்றால் 900. பாக்கெட்டில் வைக்கிற அளவு 2.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் கிடையாது. போர்ட்டிலிருந்து உறிஞ்சித்தான் சுழல வேண்டும். சுழல ஆரம்பிக்கிற அந்த ஓரிரு நொடியில் அதன் பசி அதிகம். ரவுட்டரோ 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரில் வைஃபையையும் ஓட்டிக்கொண்டு இந்த டிஸ்க்கையும் தாங்க வேண்டும். மாட்டிப் பார்த்தால் தெரியும்: விளக்கு எரியும், உள்ளே 'விர்' என்று எழும்பும், 'டிக்' என்று அடங்கும், மறுபடி 'விர்', மறுபடி 'டிக்'. அந்த டிக் சத்தம் ஹெட் தன் இடத்துக்குத் திரும்பிப் போகிற சத்தம். நாள் முழுக்க அதைச் செய்யவிட்டால் டிஸ்க் உருப்படாது. மேசை மேல் வைக்கிற 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் உண்டு என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, சிக்னல். யூஎஸ்பி 3.0 ஓடும்போது எழுகிற ரேடியோ இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து அறிக்கை போட்டிருக்கிறது. ரவுட்டரின் ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே டிஸ்க்கை வைத்துப் பெரிய ஃபைலைக் காப்பி பண்ணினால், அடுத்த அறையில் பழைய போன் வைத்திருப்பவர் "நெட் போச்சு" என்று கத்துவார். அதனால்தான் சில ரவுட்டர்களின் செட்டிங்கில் 3.0 போர்ட்டை 2.0-ஆகக் குறைத்து ஓட்டும் வசதி இருக்கிறது. குறைத்தால் இரைச்சல் போகும், வேகமும் கூடவே போகும்.

மூன்றாவதுதான் மோசமானது. வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல் பகிர்வதற்கான பேச்சுமொழி எஸ்எம்பி. 1980-களில் ஐபிஎம்மில் பாரி ஃபைகன்பாம் உருவாக்கியது, பிறகு மைக்ரோசாஃப்ட் கையில் வளர்ந்தது. அதன் முதல் பதிப்பான எஸ்எம்பி1 வழியாகத்தான் 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை ரான்சம்வேர் உலகமெங்கும் மருத்துவமனை, தொழிற்சாலை என்று பாராமல் பரவியது. அதற்கு முந்தைய ஆண்டே, மைக்ரோசாஃப்டில் எஸ்எம்பிக்குப் பொறுப்பாக இருந்த நெட் பைல், இதைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று வெளிப்படையாக எழுதியிருந்தார். 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக இன்ஸ்டால் செய்தால் எஸ்எம்பி1 வருவதில்லை. விலை குறைந்த பல ரவுட்டர்களுக்குள் இன்னும் அந்தப் பழைய பதிப்புதான் குந்திக்கொண்டிருக்கிறது. விளைவு, ரவுட்டரில் மாட்டிய டிஸ்க்கை விண்டோஸ் பார்க்க மறுக்கும்.

யூடியூபில் தேடினால் ஒரே வைத்தியம்தான் சொல்வார்கள்: விண்டோஸ் ஃபீச்சர்ஸில் போய் எஸ்எம்பி1-க்கு டிக் போடுங்கள். போடாதீர்கள். கல்யாண வீடியோ பார்க்க வீட்டுக் கம்ப்யூட்டரின் பழைய பூட்டைக் கழற்றி வைப்பது என்ன புத்திசாலித்தனம்? விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு இன்னும் இறுக்கிவிட்டது. பாஸ்வேர்டு இல்லாத 'கெஸ்ட்' நுழைவை ஏற்காது. எதிர்முனை ஒவ்வொரு பாக்கெட்டிலும் கையொப்பம் இட வேண்டும் என்று கேட்கும். ரவுட்டர் கம்பெனி புதிய ஃபர்ம்வேர் தரும் என்று காத்திருப்பதில் பிரயோஜனமில்லை.

சரி, வேறு எதில் மாட்டுவது? ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கையளவு கம்ப்யூட்டரில் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். 2019-இல் வந்த பை 4-இல் யூஎஸ்பி 3.0-வும் முழு கிகாபிட் ஈதர்நெட்டும் இருக்கின்றன. கரண்டும் குறைவாகத்தான் குடிக்கும். நல்ல பொருள்தான். ஆனால் நம் ஊரில் ஒரு விஷயத்தை முதலில் யோசிக்க வேண்டும்: கரண்ட் போகும்.

போவதுகூடப் பெரிதல்ல. போய், இன்வர்ட்டர் கைமாற்றிக்கொள்ளும் அந்தக் கண்ணிமைப்பில் ஃபேன் சற்றே தயங்கி மறுபடி சுற்றும், டியூப்லைட் ஒருமுறை கண்ணடிக்கும், ரவுட்டர் மட்டும் அணைந்து முதலிலிருந்து எழுந்திருக்கும். அதன் முதுகிலோ, தனி பேட்டரி இல்லாத ராஸ்பெர்ரி பையிலோ டிஸ்க் மாட்டியிருந்தால், எழுதிக்கொண்டிருந்த நடுவிலேயே அதற்கும் உயிர் போய்த் திரும்புகிறது. அத்தை பையன் கேபிளைப் பிடுங்குவதைத்தான் மின்வாரியமும் செய்கிறது, இன்னும் அடிக்கடி. இப்படி அறுபட்ட என்டிஎஃப்எஸ் டிஸ்க் 'சரியாக மூடப்படவில்லை' என்ற குறியோடு நிற்கும். லினக்ஸில் ஓடுகிற சின்ன கருவிகள் பல, அந்தக் குறியைப் பார்த்தால் படிக்க மட்டும் விடும், அல்லது திறக்கவே திறக்காது.

அதனால் என் ஓட்டு பழைய லேப்டாப்புக்கு. அதற்குள்ளேயே யூபிஎஸ் இருக்கிறது, பேட்டரி என்ற பெயரில். கரண்ட் போனாலும் யூஎஸ்பி போர்ட்டில் மின்சாரம் அறுபடாது. ரவுட்டர் செத்துப் பிழைக்கும்போது படம் நடுவில் நிற்கலாம், டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது. தமிழ்நாட்டில் இந்தப் பழைய லேப்டாப்பைத் தேடி அலையவும் வேண்டாம். 2011-இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து எத்தனையோ வீடுகளில் ஒன்று பரண்மேல் கிடக்கிறது. ஸ்கிரீனில் கோடு விழுந்திருந்தாலும், கீபோர்டில் நாலு கட்டை போயிருந்தாலும் பரவாயில்லை. இந்த வேலைக்கு 2 ஜிபி ராம் தாராளம்.

பேட்டரியை மட்டும் பாருங்கள். டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ, அடித்தட்டு மேசையில் படியாமல் ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழற்றிவிட்டு வேறு போடுங்கள். உப்பிய பேட்டரியோடு இரவும் பகலும் சார்ஜில் போட்டு வைக்கக் கூடாது. பேட்டரி உப்பாமல், சும்மா பதினைந்து நிமிடம்தான் நிற்கிறது என்றால் அதுவே போதும். இன்வர்ட்டர் வந்து சேரும்வரை தாக்குப் பிடித்தால் சரி.

கரண்ட் பில்? ஸ்கிரீன் அணைந்த பழைய லேப்டாப்புக்கு 12 வாட் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுக்க ஓடினால் மாதத்துக்கு 9 யூனிட்டுக்குள். இரண்டு மாதக் கணக்கில் 17 சொச்சம். அவ்வளவுதான்.

அதில் என்ன ஓட்டுவது? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இந்த வயது லேப்டாப்புகளை விண்டோஸ் 11 வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. ஆகவே லினக்ஸ் மின்ட் அல்லது டெபியன் போட்டுவிடுவது நல்லது. பகிர்வு வேலையைப் பார்ப்பது சாம்பா. ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991 கடைசியில் தொடங்கிய சமாசாரம் இது. நெட்வொர்க்கில் போய்வரும் பாக்கெட்டுகளைக் கவனித்தே எதிர்முனை என்ன பேசுகிறது என்று கண்டுபிடித்து அவர் எழுதிய சர்வர், இன்று கடையில் விற்கிற நாஸ் பெட்டிகள் பலவற்றுக்குள்ளும் ஓடுகிறது. பரண் லேப்டாப்பில் நீங்கள் போடுவதும் அதே மென்பொருள்தான்.

கட்டளைகளை வரிவரியாக இங்கே அடுக்கப் போவதில்லை, அதற்கு ஆயிரம் பக்கங்கள் இருக்கின்றன. அந்தப் பக்கங்களில் விட்டுப்போகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன். டிஸ்க்கை அதன் யூயூஐடி எண்ணால் மவுன்ட் பண்ணுங்கள். போர்ட் மாறினால் டிஸ்க்கின் சாதனப் பெயர் மாறும், இந்த எண் மாறாது. கூடவே 'நோஃபெயில்' என்ற குறிப்பையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க் மாட்டாத நாளில் லேப்டாப் பூட் ஆகாமல் அடம்பிடிக்கும். மூடியை மூடினால் தூங்கப் போகாதபடி செட்டிங்கை மாற்றுங்கள். ரவுட்டருக்குள் போய் இந்த லேப்டாப்புக்கு நிரந்தரமாக ஒரு ஐபி முகவரி ஒதுக்குங்கள், உதாரணத்துக்கு 192.168.1.50. ஏனென்றால் விண்டோஸில் 'நெட்வொர்க்' பக்கத்தைத் திறந்தால் பகிர்ந்த கம்ப்யூட்டர் தானாகத் தெரியும் என்பது பழைய காலம். எஸ்எம்பி1 போனதோடு அந்தப் பட்டியலும் போய்விட்டது. முகவரிப் பட்டியில் \\192.168.1.50 என்று நேராக அடித்தால் திறக்கும். தெரியவில்லையே என்று பட்டியலைப் பார்த்து ஏங்குபவர்கள்தான் அதிகம்.

இன்னொன்று: லினக்ஸில் நுழையும் பாஸ்வேர்டும் சாம்பா பாஸ்வேர்டும் வேறுவேறு. சாம்பாவுக்கென்று தனியாக ஒருமுறை பாஸ்வேர்டு வைக்க வேண்டும்.

லினக்ஸ் எல்லாம் நமக்கு வேண்டாம், விண்டோஸ் டெஸ்க்டாப் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்பவர்கள் அதிலேயே பகிரலாம். டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஷேரிங். நெட்வொர்க் 'பிரைவேட்' என்று இருக்க வேண்டும், 'பப்ளிக்' என்று இருந்தால் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. இத்தனையும் செய்த பிறகு எல்லாரும் முட்டிக்கொள்கிற இடம் பாஸ்வேர்டு. தினமும் நாலு இலக்க பின் நம்பர் அடித்து உள்ளே போகிறோம். அந்தப் பின் அந்த ஒரு மெஷினுக்கு மட்டும்தான், நெட்வொர்க்கில் செல்லாது. கேட்பது மைக்ரோசாஃப்ட் கணக்கின் பாஸ்வேர்டு, அதுதான் யாருக்கும் ஞாபகமில்லை. குழப்பமே வேண்டாம். அந்த டெஸ்க்டாப்பில் 'வீடு' என்று ஒரு லோக்கல் யூசரை உண்டாக்கி, அதற்கு ஒரு பாஸ்வேர்டு வைத்து, டிஸ்க்கை அந்தப் பெயருக்குப் பகிர்ந்துவிடுங்கள். எல்லா போனிலும் அதையே கொடுக்கலாம்.

டிஸ்க்கை எந்த ஃபார்மட்டில் வைப்பது என்பது அடுத்த குழப்பம். "என்னுடையது மேக், என்டிஎஃப்எஸ்ஸில் எழுத முடியாதே" என்று கவலைப்படுகிறார்கள். நேராகச் சொருகினால்தான் அந்தக் கவலை. நெட்வொர்க் வழியாக வரும்போது மேக் டிஸ்க்கோடு பேசுவதே இல்லை, லேப்டாப்போடு பேசுகிறது. டிஸ்க்கில் எழுதுவது லேப்டாப். அதற்கு எந்த ஃபார்மட் புரிகிறதோ அது போதும். ஆக, லினக்ஸ் லேப்டாப்பை விட்டு நகரவே போவதில்லை என்றால் ஈஎக்ஸ்டி4 வையுங்கள். அவ்வப்போது கழற்றி மாமனார் வீட்டுக்கும் போக வேண்டும் என்றால் என்டிஎஃப்எஸ். எக்ஸ்ஃபேட் எல்லாவற்றிலும் ஓடும் என்பது உண்மைதான், ஆனால் அதில் ஜர்னல், அதாவது எழுதுகிற வேலையைக் குறித்து வைக்கும் பதிவேடு, கிடையாது; நடுவில் அறுபட்டால் தேறுவது கடினம். எப்போதும் மாட்டியே கிடக்கும் டிஸ்க்குக்கு அது வேண்டாம். ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, கல்யாண வீடியோவுக்கு அது உதவாது.

இனி வேகம். லேப்டாப்பை வைஃபையில் விடாமல் ரவுட்டரோடு ஒயரில் இணையுங்கள். இது ஒன்றே பாதி வேலை. போர்ட் 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 11 எம்பி அளவில் வரும். கிகாபிட் என்றால் டிஸ்க் தருகிற வேகத்துக்கு, அதாவது 100 எம்பிக்குப் பக்கத்தில் போகலாம். இரண்டு பக்கமும் கிகாபிட் இருந்தும் 100-லேயே நிற்கிறது என்றால் ஒயரைச் சந்தேகப்படுங்கள். கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கிற எட்டு கம்பியும் வேண்டும். நூறுக்கு நாலு போதும் என்பதால், முனையில் ஒன்று சரியாக கிரிம்ப் ஆகாவிட்டாலும் நெட் ஓடிக்கொண்டுதான் இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது.

படம் பார்க்க மட்டும் என்றால் இதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சாதாரண முழு எச்டி படத்துக்கு நொடிக்கு பத்து மெகாபிட் அளவு போதும், நூறு மெகாபிட் ஒயரே அதற்கு ஏராளம். காப்பி பண்ணும்போதுதான் வலிக்கும். 200 ஜிபியை 11 எம்பி வேகத்தில் ஏற்ற ஐந்து மணி நேரம் ஆகும். எனவே முதல்முறை மொத்தமாக ஏற்றும்போது டிஸ்க்கை உங்கள் கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகி ஏற்றிவிட்டு, பிறகு அதன் இடத்தில் கொண்டுபோய் மாட்டுங்கள்.

டிவிக்கு வருவோம். பல ஸ்மார்ட் டிவிகளுக்கு எஸ்எம்பி தெரியாது, படம் பகிர்வதற்கென்றே இருக்கிற டிஎல்என்ஏ தெரியும். லேப்டாப்பில் மினிடிஎல்என்ஏ என்ற சின்ன மென்பொருளைப் போட்டால் டிவியின் சோர்ஸ் பட்டியலிலேயே டிஸ்க் வந்து நிற்கும். ஆண்ட்ராய்டு டிவி என்றால் இன்னும் எளிது: விஎல்சி போட்டுக்கொள்ளுங்கள், நேராக எஸ்எம்பியையே திறக்கும். ஆண்ட்ராய்டு போனுக்கும் அதுவே. ஐபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13-லிருந்து ஃபைல்ஸ் ஆப்பிலேயே 'கனெக்ட் டு சர்வர்' இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ரொம்ப நேரம் யாரும் தொடாவிட்டால் டிஸ்க் சுழல்வதை நிறுத்திவிடும். முதல் படத்தைத் தட்டியதும் சில நொடி ஒன்றும் நடக்காது. அதற்குள் ரிமோட்டைப் போட்டு அமுக்கித் தள்ள வேண்டாம்.

யாருக்கு என்ன உரிமை என்பதை ஆரம்பத்திலேயே தீர்மானியுங்கள். எல்லாருக்கும் எழுதும் உரிமை தேவையே இல்லை. நீங்கள் ஒருவர் எழுதுங்கள், மற்றவர்கள் பார்க்கட்டும். இதற்கு வலுவான காரணம் உண்டு. நெட்வொர்க் வழியாக ஒரு ஃபைலை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, போனது போனதுதான். குழந்தை கையில் போனைக் கொடுத்துவிட்டு இந்த விஷயத்தில் அசட்டையாக இருக்க முடியாது. சாம்பாவில் 'ரீசைக்கிள்' என்ற இணைப்பு இருக்கிறது, அழிப்பதை ஒரு ஃபோல்டருக்குள் ஒதுக்கி வைக்கும். அதைப் போட்டுவிடுங்கள். வீட்டில் ஒரு கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் புகுந்தால், எழுத உரிமையோடு மேப் செய்து வைத்த டிஸ்க்கையும் அது சேர்த்தே பூட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வெளியூரில் இருக்கும் தங்கை பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் எஸ்எம்பியின் 445 போர்ட்டைத் திறந்துவிடும் வேலை மட்டும் கூடவே கூடாது. வீட்டு டிஸ்க்குகள் நேரடியாக இணையத்துக்குத் திறந்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2021 ஜூனில் பார்த்தோம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் பழைய மைபுக் லைவ் டிஸ்க்குகள் பல, வெளியிலிருந்து வந்த கட்டளையால் ஒரே நாளில் துடைத்து எடுக்கப்பட்டன. பாதுகாப்பு அப்டேட் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆன மாடல் அது. தங்கைக்கு டெயில்ஸ்கேல் போல ஒரு தனிவழி போட்டுக் கொடுங்கள், அல்லது வேண்டிய படங்களை மட்டும் டிரைவில் ஏற்றி லிங்க் அனுப்புங்கள்.

கடைசியாக, முக்கியமான ஒன்று. இவ்வளவும் செய்த பிறகும் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பிரதிதான். எட்டுப் பேர் எட்டு இடத்திலிருந்து பார்க்கிறார்கள் என்பதால் அது எட்டாகிவிடாது. டிஸ்க் கீழே விழுந்தால் எட்டுப் பேருக்கும் சேர்த்துப் போகும். கல்யாணப் படம் உங்களிடம் ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கிறது என்றால் சாம்பா, லினக்ஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இன்னொரு டிஸ்க் வாங்கி, மொத்தத்தையும் காப்பி எடுத்து, எதிலும் மாட்டாமல் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். அதை அத்தை பையனிடம் கொடுக்காதீர்கள்.